ஃபிஷ் விலகிய பிறகு வந்த மரில்லியனைக் கேட்பது எப்படி: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மரில்லியன் என்னும் இங்கிலாந்து பிராக்ரசிவ் ராக் குழுவின் முதல் நான்கு ஆல்பங்களையும் வரி பிசகாமல் கூடவே பாடும் அளவுக்கு அறிந்திருந்த நான், 1988-இல் அதன் பாடகர் ஃபிஷ் விலகிய பிறகு வந்தவற்றில் ஒன்றைக்கூடப் பல ஆண்டுகள் முழுதாகக் கேட்டு முடித்ததில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் இரண்டாம் பாடலோடு நிறுத்திவிட்டேன். நான்காம் முறை கேட்கும் விதத்தை மாற்றிய பிறகுதான், கோளாறு இசையில் இல்லை, நான் கேட்ட வரிசையிலும் கையில் வைத்திருந்த பதிப்புகளிலும்தான் இருந்தது என்று புரிந்தது. அதற்குள் தவறான இரண்டு சிடிகளுக்குப் பணம் கொடுத்திருந்தேன். அந்தச் செலவும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழுவின் வரலாறு இங்கே தேவையில்லை. ஒரே ஒரு கணக்கு தெரிந்திருந்தால் போதும். ஃபிஷ் பாடியவை, 1983 முதல் 1987 வரை வந்த நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள். 1989-இல் சேர்ந்த ஸ்டீவ் ஹோகார்த் பாடி, புதிய பாடல்களோடு 2022 வரை வந்தவை பதினான்கு. ஆனால் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ராதரி, கீபோர்டு வாசிக்கும் மார்க் கெல்லி, பேஸ் கிட்டார் வாசிக்கும் பீட் ட்ரெவாவஸ், டிரம்ஸ் வாசிக்கும் இயன் மோஸ்லி ஆகிய நால்வரும் 1984-இல் வந்த இரண்டாம் ஆல்பத்திலிருந்து அந்த 2022 ஆல்பம் வரை மாறவே இல்லை. பாடகர் போனதும் அது வேறு குழுவாகிவிட்டது என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். ஐந்து பேரில் நால்வர் அப்படியே இருக்கும் குழுவை வேறு குழு என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் அதுவரை பாட்டை மட்டுமே கேட்டிருக்கிறார், வாசிப்பைக் கேட்கவில்லை என்றுதான் பொருள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்கானவை.

உங்களுக்குத் தேவைப்படுவன மூன்று: சுமாரான ஒரு ஹெட்போன், பாடல் வரிகள் அச்சான தாள்கள், ஏறக்குறைய மூன்று மாதங்கள். வாரத்துக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்க முடியாதவர்கள் மாதக் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். அவசரமாக முடிப்பதில் ஒரு லாபமும் இல்லை.

1. பழைய குரலை முறையாக வழியனுப்பிவையுங்கள் (இரண்டு வாரங்கள்)

1987-இல் வந்த க்ளட்சிங் அட் ஸ்ட்ராஸ் ஆல்பத்தை ஒரே அமர்வில் கேளுங்கள். ஐம்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். ஃபிஷ் பாடிய கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். அதன் பிறகு இரண்டு வாரங்களுக்கு அவர் குரலை எந்த வடிவத்திலும் கேட்காதீர்கள்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஃபிஷ் சொற்களை நெருக்கி அடுக்கி, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கடித்து, நாடக மேடையில் நிற்பவரைப் போலப் பாடுபவர். ஹோகார்த் குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளை நீட்டுபவர். சில இடங்களில் மூச்சுக்காற்றே குரலாகிவிடும். ஒன்றைக் கேட்ட சூட்டோடு மற்றதைக் கேட்டால் இரண்டாவது சப்பென்று இருக்கும். மிளகாயைக் கடித்த வாய்க்கு இளநீரின் ருசி தெரியாது. வாய் ஆற நேரம் கொடுக்க வேண்டும்.

இந்தப் படியில் ஒரு பொறி இருக்கிறது; அநேகமாக எல்லோரும் அதில்தான் விழுகிறார்கள். ஃபிஷ் பாடிய "கேலீ" 1985-இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாடல் என்பதால், புதிய பாடகரைச் சோதிக்க விரும்புகிறவர் முதலில் தேடுவது அவர் மேடையில் "கேலீ" பாடிய பதிவைத்தான். நானும் அதைத்தான் தேடினேன். வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஹோகார்த்துக்கு மாட்டிப் பார்த்துவிட்டு, இவருக்குத் தோள் சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தப் பதிவுகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்கு வேளை வரும்.

2. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இந்தக் குழுவைப் பொறுத்தவரை சிடியோடு வரும் சிறுபுத்தகம் அலங்காரப் பொருள் அன்று. அதில் மூன்று விவரங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பாடல் வரிகள். எதைப் பற்றிப் பாடுகிறார் என்று தெரியாமல் கேட்டால், ஹோகார்த் காலத்துப் பாடல்களில் பாதி வெறும் ஏக்கமாகவே காதில் விழும். ஹோகார்த் பாடிய முதல் ஆல்பமான சீசன்ஸ் எண்டின் தலைப்புப் பாடலைக் காதல் பிரிவு என்று நினைத்தே பல முறை கேட்டேன். தாளைப் பார்த்த பிறகுதான் அது பருவநிலை மாற்றத்தைப் பற்றியது, இங்கிலாந்தில் இனிப் பனி பொழிவதை அடுத்த தலைமுறை பார்க்குமா என்று கேட்பது என்று தெரிந்தது. 1989-இல் எழுதப்பட்டது அது.

இரண்டாவது, எழுதியவர் பெயர்கள். அதே ஆல்பத்தில் ஜான் ஹெல்மர் என்ற பெயரைக் காண்பீர்கள். ஃபிஷ் போன பிறகு, புதிய பாடகர் கிடைப்பதற்கு முன்பே, வரிகள் எழுதுவதற்காகக் குழு சேர்த்துக்கொண்டவர் அவர். ஆகவே முதல் ஆல்பத்தின் வரிகளை மட்டும் வைத்து ஹோகார்த்தின் எழுத்தை எடைபோடக் கூடாது. அதில் ஒரு பங்கு அவருடையதே அன்று.

மூன்றாவது, எந்த ஆண்டுப் பதிப்பு என்பதும் பின்னட்டையில் உள்ள பாடல் பட்டியலும். இதன் பயன் நான்காம் படியிலும் ஏழாம் படியிலும் தெரியும்.

பழைய சிடி வாங்குகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்பே விற்பவரிடம் முன்னட்டை, பின்னட்டை, சிறுபுத்தகத்தின் நடுப்பக்கம் ஆகிய மூன்றின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்த முதல் சிடியில் சிறுபுத்தகமே இல்லை. முன்னட்டைத் தாளை மட்டும் அளவாக வெட்டி உறைக்குள் செருகியிருந்தார்கள். "நல்ல நிலை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது தட்டைப் பற்றியதாம்.

3. சீசன்ஸ் எண்ட் ஆல்பத்தை நான்கு முறை கேளுங்கள் (இரண்டு வாரங்கள்)

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. 1989 செப்டம்பரில் வந்த இந்த ஆல்பம் ஹோகார்த் பாடிய முதல் ஆல்பம். சிடியில் ஐம்பது நிமிடங்கள் அளவில் ஓடும். நான்கு நாள்களில் நான்கு முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒருவரை மட்டும் பின்தொடருங்கள். பாடகரைப் பின்தொடர வேண்டாம். அவர் தாமாகவே காதில் விழுவார்.

முதல் நாள் ராதரியின் கிட்டார். ஆல்பத்தின் முதல் பாடலான "கிங் ஆஃப் சன்செட் டவுன்" குரலை உடனே கொண்டுவருவதில்லை. கீபோர்டின் மெல்லிய ஒலி மேலெழுந்து வர, அதன் மேல் கிட்டார் வருகிறது, குரலுக்கு நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டி "ஈஸ்டர்" பாடலுக்கு வாருங்கள். வட அயர்லாந்தின் வன்முறைக் காலத்தைப் பற்றிய பாடல் இது. அகௌஸ்டிக் கிட்டாரின் விரல் மீட்டலும் குரலும் மட்டுமாகத் தொடங்கும்; மற்றவர்கள் பிறகுதான் சேர்வார்கள். பாடலின் நடுவே குரல் ஒதுங்கிக்கொள்ள, ராதரி தனி வாசிப்பைத் தொடங்குகிறார். இங்கே ஹெட்போனைச் சரிசெய்துகொள்ளுங்கள். அவர் வேகம் காட்டுவதில்லை. ஒரு சுரத்தைப் பிடித்து, அது தானாக அடங்கப் போகும் வேளையில் சற்றே வளைத்து, அடுத்ததற்கு ஏற்றுகிறார். பாடகர் விட்ட இடத்திலிருந்து கிட்டார் பாடுவதுபோல இருக்கும். இதே கை 1985-இல் "கேலீ"யின் நடுவில் செய்ததும் இதுதான் என்பது அப்போது உங்களுக்கே உறைக்கும். எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான். பாடலை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இரண்டாம் நாள் கெல்லி. முந்தைய ஆல்பங்களில் முன்னால் ஓடி ஓடி வாசித்தவர், இங்கே பல இடங்களில் பின்னால் நின்று பரப்புகிறார். கடைசிப் பாடலான "த ஸ்பேஸ்" தொடக்கத்தில் வரும், தந்தி வாத்தியக் குழுவைப் போன்ற கீபோர்டு அடுக்கு அதற்கு நல்ல உதாரணம். மூன்றாம் நாள் ட்ரெவாவஸ். பேஸ் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழகாதவர்களுக்கு இந்த நாள் அலுப்பாக இருக்கலாம். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அது கேட்காது என்பதால்தான் ஹெட்போன் வேண்டும் என்றேன். நான்காம் நாள் மோஸ்லி. அவர் எங்கே அடிக்கிறார் என்பதைவிட எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று பாருங்கள்.

நான்காம் நாள் முடிவில் பாடகரைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும். நல்லதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அது அவரைப் பற்றியதாக இருந்தால் போதும், முன்பு அங்கே நின்றவரைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

4. 1988 டெமோக்களை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு மாலை)

பாடகர் மாறியும் குழு மாறவில்லை என்பதை நம்பாதவர்களுக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம்போல ஒலிப்பூர்வமான ஆதாரம் ஒன்று இருக்கிறது. ஃபிஷ் விலகுவதற்கு முன் குழு அடுத்த ஆல்பத்துக்காகச் சில பாடல்களை டெமோவாக, அதாவது முன்மாதிரியாக, பதிவு செய்திருந்தது. 1999-இல் வந்த க்ளட்சிங் அட் ஸ்ட்ராஸ் இரட்டை சிடி மறுபதிப்பின் இரண்டாம் தட்டில் அவை இருக்கின்றன.

அதில் "ஸ்டோரி ஃப்ரம் எ தின் வால்" என்ற டெமோவை முதலில் கேளுங்கள். அடுத்து சீசன்ஸ் எண்ட் ஆல்பத்தின் "பெர்லின்" பாடலைக் கேளுங்கள். பிறகு ஃபிஷ் 1990-இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான விஜில் இன் எ வில்டர்னெஸ் ஆஃப் மிரர்ஸ் ஆல்பத்தில் உள்ள "ஃபேமிலி பிசினஸ்" பாடலைக் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். டெமோவின் இசை நால்வரோடு தங்கி "பெர்லின்" ஆகியிருக்கிறது. டெமோவின் சொற்கள் ஃபிஷ்ஷோடு கிளம்பிப் போய் வேறு இசையில் "ஃபேமிலி பிசினஸ்" ஆகியிருக்கின்றன. பாகப் பிரிவினையில் நிலம் ஒருவருக்கும் வீடு ஒருவருக்கும் போவதைப் போல, ஒரு பாடல் இரண்டாகப் பிரிந்ததை இத்தனை தெளிவாகக் கேட்கும் வாய்ப்பு ராக் இசையில் அதிகம் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் அடி உதையைப் பற்றிய வரிகள் இருந்த இடத்தில், ஒரு நகரத்தையே பிரித்த சுவர் வந்து நின்றுகொண்டது. ஆல்பம் வெளிவந்து இரண்டு மாதங்களுக்குள், 1989 நவம்பர் 9-இல், அந்தச் சுவரும் திறக்கப்பட்டுவிட்டது.

கவனிக்க: ஒற்றை சிடியாகக் கிடைக்கும் பழைய பதிப்புகளில் டெமோக்கள் கிடையாது. மேலட்டை ஒன்றுபோலவே இருக்கும். பாடல் பட்டியலில் "ஸ்டோரி ஃப்ரம் எ தின் வால்" என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்களும் பட்டியலின் இறுதிவரை கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

5. பிரேவ் ஆல்பத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குங்கள்

நடுவில் 1991-இல் வந்த ஹாலிடேஸ் இன் ஈடன் ஆல்பத்தை இப்போதைக்குத் தாண்டிவிடலாம். கெட்ட ஆல்பம் என்று சொல்லமாட்டேன். வானொலிக்கு ஏற்ற பாடல்களை நோக்கிச் சாய்ந்த அந்த ஆல்பத்தை இங்கே கேட்டால், நான்காம் படியில் கிடைத்த பிடி நழுவும்.

1994-இல் வந்த பிரேவ் எழுபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் ஒரே கதை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே உள்ள செவர்ன் பாலத்தில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண், தான் யார் என்று யாரிடமும் பேச மறுத்ததால், அவளை அடையாளம் காட்டும்படி காவல்துறை வானொலியில் கேட்டுக்கொண்டதை ஹோகார்த் ஒருமுறை கேட்டிருந்தார். அந்தப் பெண் பாலம் வரை எப்படி வந்தாள் என்று குழு கற்பனை செய்ததே இந்த ஆல்பம். பிரான்ஸில் ஒரு பழைய கோட்டையில் தங்கி இதை உருவாக்கத் தொடங்கினார்கள். தயாரிப்பாளர் டேவ் மீகன். வீட்டுக்குள் நடக்கும் கொடுமையும் தற்கொலை எண்ணமும் கதையில் வருகின்றன. மனம் சோர்ந்திருக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

முதல் ஞாயிறு வரிகள் இல்லாமல் கேளுங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. சமையலுக்கோ பயணத்துக்கோ பின்னணியாக ஓடவிட்டால் இந்த ஆல்பம் ஒன்றும் தராது. நான் ரயிலில் கேட்டு, தூங்கி, கடைசிப் பாடலில் விழித்து, நீளம் அதிகம் என்று குறிப்பு எழுதி வைத்தவன். இரண்டாம் ஞாயிறு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தொடருங்கள். மூன்றாம் ஞாயிறு தாளை மூடிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பதிப்பைப் பற்றிச் சில குறிப்புகள். 2018-இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸோடு, அதாவது அதே பதிவைப் புதிதாக ஒலிக்கலவை செய்த வடிவத்தோடு, ஒரு பெரிய தொகுப்பு வந்தது. வாத்தியங்கள் பிரிந்து தெளிவாகக் கேட்கின்றன. ஆயினும் முதலில் 1994-இன் அசல் ஒலிக்கலவையைக் கேட்பதே நல்லது என்பது என் எண்ணம், ஏனெனில் அதன் கொஞ்சம் மங்கலான, ஈரமான ஒலி கதைக்குப் பொருந்துகிறது. எல்.பி. தட்டுப் பிரியர்களுக்கு ஒரு வேடிக்கை: 1994-இல் வந்த எல்.பி.யின் கடைசிப் பக்கத்தில் இரட்டை வரிப்பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஊசி எதில் விழுகிறதோ அதைப் பொறுத்து, "மேட் அகெய்ன்" என்ற நம்பிக்கையான முடிவு வரும், அல்லது வராது. அதற்காகவே பழைய எல்.பி.யைத் தேடி அதிக விலை கொடுப்பது உங்கள் விருப்பம், நான் கொடுக்கவில்லை.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. மேட் அகெய்ன் என்ற பெயரில் 1996-இல் ஒரு நேரடி நிகழ்ச்சி ஆல்பமும் வந்தது. அதன் இரண்டாம் தட்டில் பிரேவ் முழுவதையும் பாரிஸ் மேடையில் வாசித்த பதிவு இருக்கிறது. நல்ல பதிவுதான், ஆனால் ஸ்டுடியோ ஆல்பத்துக்கு முன் அதைக் கேட்டுவிடாதீர்கள்.

6. அஃப்ரெய்ட் ஆஃப் சன்லைட்: ஒரு வாரம் போதும்

1995-இல் வந்தது; ஐம்பது நிமிடங்கள் அளவுதான். புகழ் மனிதரை என்ன செய்கிறது என்பதே இதன் பொருள். பிரேவ் ஆல்பத்துக்கு உழைத்தவர்களுக்கு இது கூலிபோலக் கிடைக்கும். உழைப்பு தேவையில்லை, முதல் முறையே உள்ளே இழுத்துவிடும்.

"அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்" பாடலை மட்டும் தாளோடு கேளுங்கள். 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் நீர்வேகச் சாதனைக்கு முயன்றபோது புளூபேர்ட் என்ற படகோடு மூழ்கி இறந்த டொனால்ட் கேம்பலைப் பற்றியது அது. இந்தப் பாடலைக் கேட்டுத்தான் பில் ஸ்மித் என்ற முக்குளிப்பவருக்கு அந்தப் படகைத் தேடும் எண்ணம் வந்தது. 2001 மார்ச்சில் அவர் குழு புளூபேர்டை மேலே கொண்டுவந்தபோது ஹோகார்த்தும் ராதரியும் கரையில் இருந்தார்கள். பாடலில் அவசரமே கிடையாது. தண்ணீருக்கு அடியில் ஏதோ கிடப்பதைத் தொட்டுப் பார்ப்பதுபோல ராதரி வாசிக்கிறார்.

இதுவே இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் செய்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம். இ.எம்.ஐ. என்றதும் மாதத் தவணை நினைவுக்கு வருகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். தவணைக்கு வாங்கும் அளவுக்கு இதன் விலை இல்லை.

7. மார்பிள்ஸ்: வாங்குவதற்கு முன் தட்டுகளை எண்ணுங்கள்

பணத்தை அதிகம் இழந்தது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய நிறுவனம் இல்லாமல் போன பிறகு, குழு தன் ரசிகர்களிடமே முன்கூட்டிப் பணம் பெற்று ஆல்பம் செய்யத் தொடங்கியது. 2001-இல் வந்த அனோரக்னோஃபோபியாவுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், ஒரு சுரம்கூடக் கேட்காமல் பணம் அனுப்பியிருந்தார்கள். 2004-இல் வந்த மார்பிள்ஸ் அதே வழியில் வந்தது. முன்பணம் கட்டியவர்களுக்கு இரண்டு தட்டுகளும் அவர்கள் பெயர் அச்சான தடிமனான புத்தகமும் கிடைத்தன. கடைகளுக்கோ ஒரே தட்டாகச் சுருக்கிய பதிப்பு போனது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

நான் வாங்கியது ஒற்றைத் தட்டு. வெளிநாட்டிலிருந்து வந்தது, தபால் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து தட்டின் விலையைத் தாண்டிவிட்டன. ஆவலோடு பிரித்துப் பின்னட்டையைத் திருப்பினால் "ஓஷன் கிளவுட்" இல்லை. பதினெட்டு நிமிடப் பாடல் அது. அட்லான்டிக் பெருங்கடலைத் துடுப்புப் படகில் தனியாக இரண்டு திசைகளிலும் கடந்த டான் ஆலமை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இந்த ஆல்பத்துக்கே முதுகெலும்பு. அது இல்லாத மார்பிள்ஸ், பாயசம் பரிமாறாத கல்யாணப் பந்திதான். விற்றவரைக் கேட்டபோது, விளம்பரத்தில் ஒரு சிடி என்று போட்டிருந்தோமே என்றார். போட்டிருந்தார், சின்ன எழுத்தில். பெயரும் படமும் சரியாக இருந்ததால் நான்தான் படிக்கவில்லை.

ஆகவே, பின்னட்டையில் "ஓஷன் கிளவுட்" என்ற பெயரைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முழுப் பதிப்பு ஏறக்குறைய நூறு நிமிடங்கள் ஓடும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டை "இன்விசிபிள் மேன்" தொடங்கிவைத்து "ஓஷன் கிளவுட்" முடித்துவைக்கும். இரண்டாம் தட்டின் முடிவில் "நெவர்லேண்ட்" வரும். மூன்றாம் படியில் நான்கு கைகளைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்த பயிற்சி "நெவர்லேண்ட்" பாடலில் கைகொடுக்கும், ஏனெனில் அதன் பிற்பகுதியில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்றே சொல்ல முடியாது.

8. மற்றவை

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இனி வரிசை முக்கியமில்லை. 2016-இல் வந்த எஃப்.இ.ஏ.ஆர். நீண்ட பாடல் தொடர்களால் ஆனது. "த நியூ கிங்ஸ்" தொடரில் ஆரம்பியுங்கள். 2022-இல் வந்த ஆன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க் பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் உழைத்த மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் "கேர்" பாடலை இரவில் கேளுங்கள். ரேடியேஷன் ஆல்பத்தைத் தேடுகிறவர்கள் 1998 கலவையை விட்டுவிட்டு 2013 ரீமிக்ஸை எடுப்பது நல்லது, பழையது கரகரப்பானது. தாண்டிவைத்த ஹாலிடேஸ் இன் ஈடன் ஆல்பத்தையும் இப்போது கேட்கலாம். அதன் முதல் பாடலான "ஸ்பிளின்டரிங் ஹார்ட்" ஒன்றே போதும், அதை ஏன் தள்ளிவைத்தேன் என்று என்னைத் திட்டுவீர்கள்.

9. செலவும் காலமும்

முதல் ஆறு படிகளையும் ஸ்ட்ரீமிங்கிலேயே முடித்துவிடலாம். ஏற்கெனவே ஏதேனும் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. விளம்பரத்தோடு வரும் இலவசச் சேவையில் பிரேவ் ஆல்பத்தை மட்டும் கேட்காதீர்கள்; பாலத்தின் மேல் அவள் நிற்கும்போது பெயின்ட் விளம்பரம் வந்தால் எல்லாம் போயிற்று. பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்குவது என்றால் மூன்றே மூன்று போதும்: சீசன்ஸ் எண்ட், பிரேவ், இரட்டைத் தட்டு மார்பிள்ஸ். புத்தகம் போன்ற அட்டையில் பல சிடிகளும் புளூ-ரேயும் வைத்து வரும் பெரிய தொகுப்புகளை முதலிலேயே வாங்காதீர்கள். அவற்றில் உள்ள கட்டுரைகளும் ஆவணப்படங்களும் நன்றாக இருக்கும், ஆனால் ஆல்பத்தோடு பழகாதவருக்கு அவற்றால் பயன் குறைவு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மூன்றையும் ஒரே பொட்டலமாக ஒரே இடத்தில் வாங்குங்கள். தனித்தனியாக வரவழைத்து மூன்று முறை தபால் கட்டணமும் மூன்று முறை சுங்கமும் கட்டியவன் சொல்கிறேன்.

காலக் கணக்கு: முதல் படிக்கு இரண்டு வாரம், மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் சேர்த்து மூன்று வாரம், பிரேவ் மூன்று வாரம், அஃப்ரெய்ட் ஆஃப் சன்லைட் ஒரு வாரம், மார்பிள்ஸ் மூன்று வாரம். எட்டாம் படிக்குக் கெடு கிடையாது.

10. இப்போது ஃபிஷ்ஷிடம் திரும்பிப் போகலாம்

நான்காம் படியில் ஒரு பாடலுக்காக மட்டும் எட்டிப் பார்த்த விஜில் ஆல்பத்தை இப்போது முழுதாகக் கேளுங்கள். அது முன்பே தயாராகியிருந்தும், சீசன்ஸ் எண்ட் ஆல்பத்தோடு மோதக் கூடாது என்று 1990 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது; இரண்டுமே அப்போது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அவருடைய கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 2020-இல் வந்த வெல்ட்ஷ்மெர்ட்ஸ். இரண்டு பக்கத்தையும் கேட்ட பிறகு யார் பெரியவர் என்ற கேள்வியோடு யாராவது உங்களிடம் வந்தால், "ஸ்டோரி ஃப்ரம் எ தின் வால்" கேட்டிருக்கிறீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டிருக்கமாட்டார்.

முதல் படியில் தொட வேண்டாம் என்று சொன்னதையும் இனித் தொடலாம். 1996-இல் வந்த அந்த மேட் அகெய்ன் நேரடி ஆல்பத்தின் முதல் தட்டில், ஹோகார்த் பாடிய "கேலீ" இருக்கிறது. முதல் இரண்டு பத்திகள் முடியும்வரை பாடகரைக் கேளுங்கள். அதன் பிறகு கிட்டார் வரும்.